கோட்டுக்காரர் பெயரும் ஏழாம் வரிசை ஒழுகலும்

பெருமதிப்பிற்குரிய பெரியண்ணா அவர்களுக்கு,

நடுத்தம்பி வணங்கி எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவியும் என் இடது முழங்காலும் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டு சௌகரியமாக இருக்கிறோம். அங்கு மகன் வீட்டில் தாங்களும் அண்ணியும் பேரப்பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலமாக இல்லாவிட்டால் அதை அடுத்த கடிதத்தில் தெரிவிக்கவும். இந்தக் கடிதத்துக்கு எனக்கு வேறு பதில் வேண்டியிருக்கிறது.

நம் கடைக்குட்டி என்னோடு பேசி இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது. எதனால் என்று தாங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்: தப்பு முழுக்க முழுக்க அவனுடையது. முப்பத்தொரு வருடம் கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தியவன் நான். ஒரு பக்கம் சாய்ந்து பேசும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், படித்துவிட்டு மூத்தவர் என்ற முறையில் அந்தத் தையல்காரனுக்கு உறைக்கிற மாதிரி நாலு வரி எழுதிப் போடுங்கள். வரும் சனிக்கிழமை புது சீசன் தொடங்குகிறது. அதற்குள் அவன் பழையபடி ஏழாம் வரிசையில் பதின்மூன்றாம் நம்பர் சீட்டில் வந்து உட்கார வேண்டும். உட்காராவிட்டால் நான் மைதானத்துக்கே போகப்போவதில்லை. போகாமல் என்னால் இருக்க முடியாது என்பதும் தங்களுக்குத் தெரியும், அதனால்தான் அவசரம்.

நம் கிளப் இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கப்பட்ட செய்தி தங்களுக்கு எட்டியிருக்கும், ஆனால் இறங்கிய லட்சணம் எட்டியிருக்காது. கடைசி ஆட்டத்தில் ஜெயிக்கக்கூட வேண்டாம், தோற்காமல் இருந்தால் போதும். எண்பத்தொன்பதாம் நிமிடம் வரை இரு பக்கமும் கோல் இல்லை. எதிரணிக்காரன் ஒரு பந்தை அடித்தான். அது வெளியே போய்க்கொண்டிருந்தது அண்ணா, தானாக, யாருக்கும் தொந்தரவு இல்லாமல், வெளியே போய்க்கொண்டிருந்தது! நம் கேப்டன் ஓடோடிப் போய் அதற்கு முதுகைக் காட்டினார். சேம் சைடு கோல். தாங்கள் ஊரைவிட்டுப் போன இந்த ஆறு வருடமும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்பு தங்கள் பன்னிரண்டாம் நம்பர் சீட்டைத் துடைத்து, வேறு யாரும் உட்காராதபடி ஒரு துண்டைப் போட்டு வைப்போம் அல்லவா, அந்தத் துண்டை எடுத்து நான் முகத்தை மூடிக்கொண்டேன். அழுதேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் பார்த்து, துண்டுக்கு அந்தப் பக்கமிருந்து நம் தம்பி வாயைத் திறந்தான்.

"கோட்டுக்காரர் இருந்திருந்தா இப்படி ஆயிருக்குமா?"

வயிறு எரியுமா எரியாதா, தாங்களே சொல்லுங்கள். கோட்டுக்காரர் என்றால் நம் கிளப்பின் பழைய டைரக்டர்தான். வேகாத வெயிலிலும் கோட்டைக் கழற்றாமல் கேலரி கேலரியாகக் கையசைத்தபடி வருவாரே, அவரேதான். அவர் காலத்தில் கோப்பை ஜெயித்தோம், முதல் டிவிஷனுக்கு ஏறினோம், பதினான்கு வருடத்துக்கு முன்னால் நம் கேலரிக்குக் கூரை போட்டார், எல்லாம் உண்மை. அந்தக் கூரையின் முன்சரிவில், தெருக்கோடியிலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி, ஆள் உயரத் தகர எழுத்துகள் எட்டில் தன் பெயரையே தான் படுக்கப் போட்டுக்கொண்டதும் உண்மை. அதோடு நிறுத்தினாரா? பயிற்சி மைதானத்தைக் கமுக்கமாக விற்றுவிட்டு, "புல்லு ஓய்வு எடுக்குது, கொஞ்ச நாள் யாரும் மிதிக்காதீங்க" என்று பதினொரு மாதம் கிளப்பையே நம்பவைத்தார். கோல்கீப்பர் ஒரு நாள் தொலைந்த கையுறையைத் தேடிக்கொண்டு அங்கே போனபோதுதான், கோல் போஸ்ட் இருந்த இடத்தில் ஐஸ் கிடங்குக்குச் சுவர் எழும்பி நிற்பது தெரிந்தது. விசாரணை வைத்து வெளியே அனுப்பினார்கள். அன்றைக்கும் பின்வாசல் வழியாகக் கோட்டோடுதான் போனார். அதற்குப் பிறகு மூன்று வருடம் நம் பிள்ளைகள் பஸ் ஷெட்டுக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் பயிற்சி எடுத்தார்கள். சிமெண்டில் விழுந்தால் முட்டி பெயர்ந்துவிடும் என்று, நம் தடுப்பாட்டக்காரர்களுக்கு விழவே மறந்துபோய்விட்டது. விழத் தெரியாத அணி இறங்காமல் என்ன செய்யும்? இதைத் தம்பியிடம் சொன்னால், "அவரு போனதுக்கு அப்புறம்தானே எறங்கினோம்? இருந்தப்ப எறங்கலயே?" என்கிறான். வீட்டுக்குத் தீ வைத்தவன் தெருமுனை தாண்டிய பிறகுதானே கூரை விழுந்தது என்று வாதாடுகிறான், அண்ணா!

சரி, பேச்சோடு போயிற்றா என்றால் இல்லை. மறுநாள் சவரக்கடையில் எனக்கு ஒரு கன்னம் முடிந்து மறு கன்னத்தில் நுரை போட்டிருந்த சமயம் தம்பி உள்ளே வந்தான். கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே, காத்திருந்த நாலு பேரிடம், "மழை பேஞ்சா யாரு போட்ட கூரைக்குக் கீழ ஒதுங்குறோம்னு சில பேரு நெனச்சுப் பாக்கணும்" என்றான். நான், "மைதானத்த வித்தவனுக்கு மாலை போடறவனெல்லாம் மனுஷனா?" என்றேன். உடனே பெஞ்சில் இருந்தவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். கோப்பை என்றான் ஒருத்தன், கிடங்கு என்றான் இன்னொருத்தன். சவரக்காரரை நியாயம் சொல்லச் சொன்னோம். "எனக்கு ரெண்டு கட்சிக்காரங்க கழுத்தும் வேணும், ஆள விடுங்க" என்றுவிட்டார். நான் ரோஷம் தாங்காமல், போர்த்திய துணியை உதறிவிட்டு, ஒரு கன்னத்து நுரையோடு கடைவீதி முழுக்க நடந்து வீட்டுக்கு வந்தேன். அந்த வாரமே, தம்பியிடம் தைக்கக் கொடுத்திருந்த என் கால்சட்டை வந்து சேர்ந்தது. ஒரு கால் மடித்துத் தைத்திருக்கிறது, மறு கால் தொங்குகிறது! மீதி எங்கே என்று கேட்டனுப்பினால், "அவரு மொதல்ல அந்தப் பாதி மூஞ்சிய முடிச்சுட்டு வரட்டும்" என்று பதில் வந்தது. என் மனைவி என்னைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, "ஏங்க, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் பாதி மனுஷனாவே திரியறீங்களே" என்றாள். இந்த வீட்டில் எனக்கு ஆதரவு அவ்வளவுதான்.

இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்றுதான் ரசிகர் மன்றக் கூட்டத்தில், கூரையிலிருந்து அந்தப் பெயரை அகற்ற வேண்டும் என்று நான் தீர்மானம் கொண்டுவந்தேன். மருந்துக்கடைக்காரர்தான் இப்போது மன்றத் தலைவர். அவர் கடைக்குப் பின்னால், அட்டைப் பெட்டிகளை ஒதுக்கிவிட்டுப் பெஞ்சு போட்டிருந்தார்கள். அவரைத் தவிர்த்து இருபத்தெட்டுப் பேர். தீர்மானத்துக்கு ஆதரவாக நான் கையைத் தூக்கினேன். தங்கள் சார்பில் மற்றக் கையையும் தூக்கினேன். தாங்கள் இங்கு இல்லையே தவிரத் தங்கள் சீட்டு இருக்கிறது, சீட்டு இருந்தால் ஓட்டும் உண்டு என்பது மன்றத்தில் காலகாலமாக உள்ள வழக்கம். எதிர்ப்பவர்கள் தூக்கலாம் என்று தலைவர் சொன்னதும் தம்பியும் இரண்டு கையைத் தூக்கினான்! "ரெண்டாவது யாருக்குடா?" என்றேன். "பெரியண்ணனுக்கு" என்றான். கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா? தங்களைக் கேட்காமலே தங்கள் ஓட்டைப் போடுகிறான்! நானும் கேட்கவில்லைதான், ஆனால் எனக்குத் தங்கள் மனம் தெரியும். இருபத்தெட்டுப் பேர் இருந்த அறையில் முப்பது கைகள், பதினைந்துக்குப் பதினைந்து. தலைவர் மருந்துச்சீட்டைப் படிப்பதுபோல் கூரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒண்ணு பண்ணுவோம். மொத எழுத்த மட்டும் கழட்டிப் பாப்போம். ஒத்துக்கிச்சுன்னா மிச்சத்தையும் கழட்டலாம்" என்றார். இருமல் மருந்துக்குச் சொல்கிற அதே வார்த்தை. எல்லோரும் கை தட்டினார்கள்.

தீர்மானம் என்னுடையது என்பதால் ஏணியில் ஏறும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. முழங்காலைச் சமாதானப்படுத்தி, ஆறு போல்ட்டைக் கழற்றி, அந்த முதல் எழுத்தை இறக்கிவிட்டேன். கீழே பாதிப் பேர் கைதட்டினார்கள், பாதிப் பேர் ஊளையிட்டார்கள். ஊளையிட்டவர்களில் ஒரு குரல் எனக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கமான குரல். எழுத்தை வைக்க வேறு இடமில்லாமல் என் வீட்டு வராந்தாவில் கொண்டுவந்து சாத்தி வைத்தேன். என் மனைவி அதன்மேல் துணி உலர்த்துகிறாள்.

அடுத்த வாரம் புதிய ஆட்டக்காரர்களை அறிமுகப்படுத்த ஒரு நட்பு ஆட்டம். நாங்கள் இருவரும் முறைத்துக்கொண்டே அவரவர் சீட்டில் உட்கார்ந்தோம், நடுவில் தங்கள் சீட்டு, துண்டோடு. பத்தாவது நிமிடம் மழை. அந்தக் கூரையில் எட்டு இடத்தில் தகடுகள் ஒன்றோடொன்று சேரவேண்டும், எட்டு இடத்திலும் சேரவில்லை, எட்டுக்கும் மேலே எட்டு எழுத்தைப் போட்டு மூடியிருக்கிறார் என்ற விஷயம் அன்றைக்கு எல்லோரும் அண்ணாந்து பார்த்தபோதுதான் ஊருக்கு வெட்டவெளிச்சமானது. அவர் அப்பா சின்னதாகப் பெயர் வைத்திருந்தால் பாதி கேலரி பதினான்கு வருடமாக நனைந்திருக்கும்! நான் கழற்றிய முதல் எழுத்து இருந்த இடத்திலிருந்து தண்ணீர் நூல் பிடித்த மாதிரி இறங்கியது, எங்கே தெரியுமா? ஏழாம் வரிசை, பன்னிரண்டாம் நம்பர். வேறு எதன்மேலும் ஒரு சொட்டு இல்லை. தங்கள் துண்டு மிதந்தது.

"பாத்தியா! ஒழுகுற கூரையப் போட்டுட்டு அதுக்கு மேல பேர ஒட்டியிருக்கான் உன் தலைவன்!" என்று நான் எழுந்து நின்று கத்தினேன். "பாத்தியா! அவரு பேரு இருந்த வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகுச்சா? எடுத்தே, அண்ணன் சீட்டு நனையுது!" என்று அவனும் எழுந்து நின்று கத்தினான். அண்ணா, ஒரே ஓட்டையைப் பார்த்து இரண்டு பேர் இரண்டு கட்சிக்கும் சாட்சி சொல்லும் அதிசயத்தை என் உத்தியோக காலத்தில் எந்தத் தராசிலும் நான் கண்டதில்லை. ஆட்டத்தை விட்டுவிட்டு எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். நான் கோபத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். "பெரியண்ணன் இங்க இருந்திருந்தா உன்ன இந்த வரிசையிலயே உக்காரவிட்டிருக்க மாட்டாரு" என்றேன். அவன் எங்கள் காப்பிக் குடுவையை எடுத்துக்கொண்டு, மழையிலேயே இறங்கி, அந்தக் கோடியில் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் தனியாகப் போய் உட்கார்ந்தான். குடுவை அவனிடம் போய்விட்டது, குடிக்கிற மூடி என் கையிலேயே இருந்துவிட்டது. இன்றைக்கும் என்னிடம்தான் இருக்கிறது. அவன் இப்போது குடுவையிலிருந்து நேராக அண்ணாந்து குடிப்பதாகவும், நாக்கைச் சுட்டுக்கொண்டதாகவும் சவரக்காரர் சொன்னார். நன்றாகச் சுடட்டும் என்றேன். பிறகு ரொம்பச் சுட்டதா என்றும் கேட்டேன்.

ஆகவே தாங்கள் அவனுக்குத் தெளிவாக எழுத வேண்டியது இதுதான்: கோட்டுக்காரர் ஊரை ஏமாற்றியவர், அந்தப் பெயரில் ஓர் எழுத்துகூட அந்தக் கூரையில் மிஞ்சக் கூடாது, நடுவுள்ளவன் சொல்வதே நியாயம், கடைக்குட்டி உடனே பழைய சீட்டுக்கு வந்து சேர வேண்டும். நான் சொல்லி எழுதியதாகத் தெரிய வேண்டாம். சீட்டு விஷயத்தை மட்டும் இரண்டு முறை எழுதவும்.

அண்ணிக்கு என் வணக்கங்கள். பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசிகள். எந்தக் கிளப்புக்கு வேண்டுமானாலும் கை தட்டட்டும், இறங்காத கிளப்பாகப் பார்த்துத் தட்டட்டும். தங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

என்றும் தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
நடுத்தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுப் பிரித்து இதை எழுதுகிறேன். இன்று விடியற்காலையில் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. சனிக்கிழமை மழை பிடித்தால் தங்கள் சீட்டு மறுபடி நனையுமே என்று எனக்குப் பொறுக்கவில்லை. கோட்டுக்காரர் எக்கேடோ கெட்டுப் போகட்டும், சீட்டு நனையக் கூடாது என்று அந்த முதல் எழுத்தை ஈரத்துணியோடு தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். அங்கே ஏணி ஏற்கனவே சாத்தியிருக்கிறது. மேலே ஸ்பானரும் கையுமாக நம் தையல்காரன். இரண்டாவது எழுத்தைக் கழற்றிக் கீழே இறக்கியும்விட்டான்!

"டேய், என்னடா பண்ற?" என்றேன்.

"நீதான சின்னண்ணே கழட்டணும்னு குதிச்சே? ஊரு சொன்னத நம்பாம நேத்து நானே ஏறி உள்ள பாத்தேன். துணி பத்தலன்னா ஒட்டுப் போட்டு, அந்த ஒட்டு தெரியாம இருக்க மேல ஒரு பாக்கெட் வச்சுத் தைப்போம். அதே வேலை. எனக்கே பாக்கெட் வச்சிருக்கான்! எட்டையும் கழட்டாம எறங்க மாட்டேன்."

"கழட்டினா அண்ணன் சீட்டு நனையும்டா. நான் மாட்ட வந்திருக்கேன்."

"மாட்டக் கூடாது."

"கழட்டக் கூடாதுங்கறேன்!"

ஒரு மணி நேரம் சண்டை போட்டோம், அண்ணா. பத்தொன்பது நாளுக்குச் சேர்த்துப் போட்டோம். மைதானத்து வாட்ச்மேன் எழுந்து வந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் போய்ப் படுத்துக்கொண்டார். ஆகையால் மேலே எழுதியதையெல்லாம், நான் என்று இருக்கும் இடத்தில் தம்பி என்றும், தம்பி என்று இருக்கும் இடத்தில் நான் என்றும் மாற்றி வாசித்துக்கொள்ளவும். தப்பு அப்போதும் அவனுடையதுதான். அவனுக்குக் கடிதம் எதுவும் எழுத வேண்டாம்; சனிக்கிழமைக்குள் நாங்கள் மறுபடி கட்சி மாறினாலும் மாறுவோம். சீட்டு விஷயமும் எழுத வேண்டாம். சண்டைக்கு நடுவில் தூறல் போட்டது. இரண்டு ஓட்டைக்கும் தள்ளி, ஏழாம் வரிசையிலேயே ஒதுங்கி உட்கார்ந்தோம். அவன் குடுவையைத் திறந்துகொண்டே, "மூடி கொண்டாந்தியா?" என்று கேட்டான். பத்தொன்பது நாளும் அது என் சட்டைப்பையிலேயேதான் இருந்தது.