பெருங்குடி ஆராய்ச்சியும் பெண் பார்த்த விஷயமும்

மயிலாப்பூர்,
7-9-1942

ஸ்ரீமான் ராஜகோபாலன் அவர்கள் சமூகத்துக்கு வேதாந்தம் செய்துகொள்ளும் நமஸ்காரம். இங்கே பகவத் கிருபையால் சகலரும் சௌக்கியம். தாங்களும் பூரண சௌக்கியம் என்பது தங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. உடம்பு சரியில்லாத மனுஷரால் ஆறு பக்கம் கோபித்துக்கொள்ள முடியாது.

தங்கள் தமக்கையார் போன வாரம் என் பெண் விஜயலக்ஷ்மியைப் பார்க்க வந்தபோது, அவள், "வாங்கோ மாமி, இப்டி குந்துங்கோ, காப்பி சூடா கீது" என்று சொன்னது வாஸ்தவம். அந்த அம்மாள் காப்பியைத் தொடாமலே எழுந்து போனதும் வாஸ்தவம். கும்பகோணத்தில் முப்பது வருஷம் தமிழ்ப் பண்டிதராக இருந்த தாங்கள், 'இப்படிப் பேசுகிற பெண் எங்கள் அகத்துக்கு ஆகுமா?' என்று கேட்பதும் நியாயந்தான். ஆனால் நிச்சயதார்த்தத்தை நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. இது ஆராய்ச்சியினால் வந்த கோளாறு. நடந்ததைச் சொல்கிறேன், பிறகு தாங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று மயிலாப்பூரே மூட்டை கட்டியதல்லவா, எல்லாரும் தஞ்சாவூர், திருச்சி என்று ரயிலுக்கு ஓட, நான் மட்டும் குடும்பத்தோடு ஒரு விறகுத் தோணியில் ஏறிக் கால்வாய் வழியாகப் பெருங்குடியில் போய் இறங்கினேன். குண்டுக்கும் தப்பலாம், 'கிராமத்துப் பெரியவர்கள் நாற்பது நாளில் எழுதப் படிக்கக் கற்பது எப்படி' என்ற என் ஆராய்ச்சியையும் முடிக்கலாம் என்று திட்டம். வழியில் கரும்பலகை தண்ணீரில் விழுந்தது, அதை எடுக்கக் குனிந்ததில் என் மூக்குக்கண்ணாடி விழுந்தது, கண்ணாடியைப் பிடிக்கப் போனதில் ஊறுகாய் ஜாடி விழுந்தது. கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் என் மனைவி ஜலஜா அழுதாள்.

என் முறைக்கு அஸ்திவாரம் என்னவென்றால், வகுப்பில் செந்தமிழ் தவிர வேறு பேசக்கூடாது. முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக இருந்தவன் போட்ட அஸ்திவாரம், ஆட்டம் காணுமா? தினமும் காலையில் இருபது பேர் ஒரு பழைய உப்புக் கிடங்கில் வந்து உட்கார்ந்தார்கள். பன்னிரண்டு நாள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. 'பரம மரியாதை' என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். பதின்மூன்றாம் நாள் தோணிக்காரன் தங்கவேல் எழுந்து, "சாமி, நீ சொல்றதெல்லாம் ஜோரா கீது. நாங்க வாயத் தொறந்தா தப்பாப் பூடுமேன்னுதான் கம்முனு குந்திக்கினு கீறோம்" என்றான். மறுநாள் கிடங்கில் நானும் ஜலஜாவும்தான்.

விஜயம் என்னை ஒன்றும் கேட்கவில்லை. பலகையைத் தூக்கிக்கொண்டு தோணித்துறைக்குப் போனாள். தங்கவேல் பேசினதை அப்படியே எழுதிக் காட்டி, "இது நீங்க சொன்னதுதான், படிங்கோ" என்றாள். தன் பேச்சே பலகையில் இருப்பதைப் பார்த்து அவன் சிரித்த சிரிப்பில், நின்றுபோனவர்களெல்லாம் திரும்பி வந்துவிட்டார்கள். தேனாம்பேட்டையிலிருந்து எங்களைப்போலவே குண்டுக்குப் பயந்து வந்திருந்த ஹாஜிரா பீ, பட்டாளத்திலிருக்கும் மகன் அக்பர் பாஷாவின் கடுதாசியைக் கொண்டுவந்தாள். முப்பத்தெட்டாம் நாள் அதை விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, முழுக்கப் படித்தாள். "இத்தினி நாளா தபால்காரருதான் படிச்சி சொன்னாரு. 'அம்மா, உன் ஞாபகமாவே கீது'ன்னு கடைசில எழுதிக்கீறானே, அத்த அந்தாளு சொல்லவே இல்லியே!" என்று முக்காட்டினால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் மேல்துண்டை எடுத்துக்கொண்டேன், மறைப்பானேன்?

மொத்தம் பதினெட்டுப் பேர் தேறினார்கள். ஆகவே என் முறை மகத்தான வெற்றி. எண்பது பக்கம் எழுதி முடித்துவிட்டேன். அடுத்த மாதம் கல்விச் சங்கத்தில் வாசிக்கப் போகிறேன். ஒரே ஒரு நஷ்டம், கற்றுக்கொடுக்கப் போன பெண் தானும் அவர்கள் பேச்சைக் கற்றுக்கொண்டு வந்துவிட்டாள். அதற்கும் வைத்தியம் ஆரம்பித்தாயிற்று. காலையில் ஒரு மணி நேரம் பழைய செய்யுள்களை உரக்கப் படிக்கிறாள், மாலையில் மாடவீதி மாமிகள் இரண்டு பேர் வந்து பேச்சுக் கொடுக்கிறார்கள். முப்பதே நாள், பழைய விஜயமாகிவிடுவாள். நான் இருக்கிறேன், தாங்கள் கவலையை விடுங்கள், ஐப்பசியிலேயே முகூர்த்தம் பார்க்கலாம். தங்கள் அகத்தில் பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், மாப்பிள்ளைக்கு என் மனப்பூர்வமான ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தியாகப் போகும்
வேதாந்தம்

பின்குறிப்பு: உறையில் போடுமுன் இதை ஜலஜாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். விஜயம் உள்ளேயிருந்து வந்து, "அப்பா, நம்மாத்துப் பேச்சு எனக்கு மறந்தே போகலை. அந்த மாமி வேண்டாம்னுட்டுப் போகட்டும்னுதான் வேணும்னே அப்படிப் பேசினேன். பெருங்குடியில இன்னும் பதிமூணு பேர் எனக்காகக் காத்துண்டிருக்கா" என்றாள். "இதை என்கிட்ட முன்னாடியே சொல்லப்படாதோ?" என்றேன். "நீங்க எங்கே கேட்டேள்? என்னையும் ஆராய்ச்சின்னா பண்ணிண்டிருந்தேள்!" என்றாள். இப்போது அந்த எண்பது பக்கத்திலும் 'என் முறை' என்று இருக்கிற இடத்தையெல்லாம் அடித்து, 'விஜயலக்ஷ்மியின் முறை' என்று திருத்திக்கொண்டிருக்கிறேன். மேலட்டையிலும் இனி அவள் பெயர்தான். வருகிற திங்கட்கிழமை அவளை அழைத்துப் போகத் தோணிக்குச் சொல்லியாயிற்று. தாங்கள் தங்கள் பிள்ளைக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளவும்.