உருண்டை மேல் ஒரு மினுக்கம்

திரையில் கோடு போட்ட உருண்டை சுழன்றது. அதன் மேலிருந்த சிவப்பு மினுக்கமும் கூடவே சுழன்றது. ஹேமநாத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"நல்லாத்தானே சுத்திக்கினு இருக்குது?" என்றாள் மனைவி பிரமிளா.

"வெளிச்சம் சுத்தக் கூடாது. சொம்பைத் திருப்பிப் பாரு. சொம்புதான் திரும்பும், பல்பு வெளிச்சம் அதே எடத்துல நிக்கும்."

டிவியில் மாட்டி ஓட்டும் அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர் அது. திரையின் ஒவ்வொரு புள்ளி வழியாகவும் கண்ணிலிருந்து ஒரு கோடு விட்டு, அது எதில் முட்டுகிறது, அங்கிருந்து சிவப்பு விளக்கு தெரிகிறதா என்று கணக்குப் போடும். ஒரு படம் முடிய அரைநாள். பல படம் சேர்ந்தால்தான் உருண்டை சுழலும்.

கணக்கைத் திருத்தினான். உருண்டை முழுவதும் சிவந்து தக்காளியானது. மறுபடி திருத்தினான். மினுக்கமே காணாமல் போனது. அதற்குள் திருப்பதியில் பழைய கம்ப்யூட்டர் போட்டி நாள் வந்துவிட்டது. பரிசு வராவிட்டால் கம்ப்யூட்டரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, அந்த இடத்தைத் தையல் மெஷினுக்கு விடுவதாகப் பிரமிளாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தான்.

அன்று ஆயுத பூஜை. காலையில் பைக், மிக்ஸி, தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த பிரமிளா, டிவி பக்கம் வந்தபோது தடுத்தான்.

"கண்ணாடி அழுக்காயிடும்."

"இன்னைக்கு இதுக்கு மட்டும் பொட்டு இல்லியா? அப்புறம் எப்படி ஓடும்?"

டிவியையும் கம்ப்யூட்டரையும் தூக்கிக்கொண்டு அவளோடு புத்தூரில் பஸ் ஏறினான்.

அரங்கில் ஒயர் எட்டவில்லை. டிவிக்குப் பிரமிளாவைக் காவல் வைத்துவிட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தேடி ஓடினான். திரும்பியபோது நடுவர் ஹரிபிரசாத் எதிர்வரிசையில் காத்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு ஓடவிட்டான்.

உருண்டை சுழன்றது. மேலே, விளக்கு இருக்கவேண்டிய திசையில், ஒரு சிவப்பு மினுக்கம். அசையவே இல்லை.

நடுவர் எழுந்தேவிட்டார். மற்றவர்களின் படங்களில் வெளிச்சம் வழுக்கியதாம். "இந்த மெஷின்ல இவ்ளோ கரெக்ட்டா? எப்படி செஞ்சீங்க?"

"கடைசில ஒரு சின்ன மாற்றம் சார்," என்றான் ஹேமநாத். எது என்று அவனுக்கே தெரியவில்லை.

முதல் பரிசு. கைதட்டல் ஓய்வதற்குள் பிரமிளாவே டிவியைத் துடைத்துப் பழைய சேலையில் சுற்றிக் கட்டிவிட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் ஷீல்டை மடியில் வைத்தபடி, ஒளியின் கணக்கு என்றைக்கும் ஏமாற்றாது என்று ரேணிகுண்டா வரை விளக்கினான். கம்ப்யூட்டர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று பிரமிளாவும் ஒப்புக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"திட்டுவீங்கன்னு சொல்லல. நீங்க பாக்ஸ் தேடிக்கினு போனப்ப, டிவி கண்ணாடி நெத்தியில கொஞ்சம் குங்குமம் வெச்சேன்."