மகளிர் இருக்கையில் ஒரு பட்டுப் புடவை

அரசு நகரப் பேருந்தில் ஏறுகிறவர்கள் மூன்று வகைப்படுவர். ஆண், பெண், லக்கேஜ். இதற்கு மேல் ஒரு வகை இருக்க முடியாது என்றுதான் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த நம்பிக்கையைக் கெடுத்தவள் ஆதிலட்சுமி. பாவம், அவள் மேல் குற்றமில்லை. தெள்ளார் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஆரணிக்கு வந்து, பட்டுக் கடையில் வேலைக்குச் சேர்ந்து அப்போதுதான் ஒரு வாரம் ஆகியிருந்தது. எந்த பஸ் எங்கே நிற்கும் என்றே அவளுக்குச் சரியாகத் தெரியாது.

அவள் முதலாளி முருகேசன் களம்பூரில் கிளை திறக்கிற நாள் அது. பதினோரு மணிக்குக் குத்துவிளக்கு. கிளையின் வாசலில் வைப்பதற்காக ஒரு பொம்மை வாங்கி ஆரணிக் கடையில் வைத்திருந்தார். லேட்டஸ்ட் மாடல். கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும். நிற்கிற பொம்மையெல்லாம் பழைய ஃபேஷன் ஆகிவிட்டதாம். ஆரணி தாலுகாவில் ஒருவருக்கும் இல்லாத நிறம், ஒருவருக்கும் இல்லாத இடுப்பு. அதைப் பார்த்துத்தான் களம்பூர்ப் பெண்கள் புடவை எடுக்க வேண்டும்.

"ஆம்பளய அனுப்பினா டிக்கெட்டு. உனுக்கு பஸ்ஸு ஓசி. நீயே எடுத்துகினு போயிடும்மா," என்றார் முருகேசன்.

"பழைய துணி சுத்தி எடுத்துகினு போவட்டுங்களா மொதலாளி?"

"பொம்மைன்னாலும் பொம்பள பொம்மை. பஜார் வழியா மூட்டையாட்டம் தூக்கினு போனா கட மானம் இன்னாத்துக்கு ஆவறது? முகூர்த்தப் பட்டையே கட்டி உடு. பூ வை. ஆனா ஒண்ணு, பொடவ கசங்கினாலோ, நேரம் தவறினாலோ, நாளைல இருந்து வேலைக்கு வராத."

வீட்டோடு சண்டை போட்டுக்கொண்டு இந்த வேலைக்கு வந்தவள் ஆதிலட்சுமி. திரும்பிப் போய் நின்றால் 'நாங்கதான் அப்பவே சொன்னோமே' என்று தெருவே சொல்லும். அதைக் கேட்பதைவிட பொம்மையைச் சுமப்பது மேல். இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, நாலு பேரிடம் வழி கேட்டு, களம்பூர் டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

கண்டக்டர் சிவகுமார் சட்டப்படி நடக்கிறவர்.

"ஏம்மா, இது சீட்டுக்கு அடியில போவுமா?"

"போவாதுங்க."

"அப்ப லக்கேஜ் இல்ல. அடியில போறதுதான் லக்கேஜ். நிக்குமா?"

"நிக்காதுங்கண்ணே. உக்கார மட்டும்தான் தெரியும்."

"உக்காரணும்னா பயணியா இருக்கணுமே."

"அப்ப பயணின்னே வச்சிக்குங்க."

சிவகுமார் பொம்மையை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். புடவை இருந்தது, பூ இருந்தது. மிஷினில் 'பெண்' என்ற பட்டனை இரண்டு முறை அழுத்தி, கட்டணமில்லாப் பயணச்சீட்டு இரண்டைக் கிழித்துக் கொடுத்தார்.

மகளிர் இருக்கையில் துரை என்ற பெரிய மனிதர் உட்கார்ந்திருந்தார். கைக்குழந்தைக்காரி கேட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டவர். பட்டு சரசரக்கிற சத்தம் கேட்டதும் எழுந்துவிட்டார். "வாங்கம்மா, உக்காருங்க," என்று பொம்மையிடம் சொன்னார். பட்டுப் புடவை உட்கார்ந்தது. பாலியஸ்டர் புடவை பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

பாதி வழியில் செக்கிங் இன்ஸ்பெக்டர் அருள்ராஜ் ஏறினார். டிக்கெட் கேட்டார். ஆதிலட்சுமி இரண்டையும் நீட்டினாள். இரண்டாவது டிக்கெட்டுக்கு உரியவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார்.

"இன்னாய்யா இது, பொம்மை!"

"மிஷின்ல ஏறிடுச்சி சார். இனிமே எறக்க முடியாது," என்றார் சிவகுமார்.

அருள்ராஜ் யோசித்தார். மிஷின் சொல்வதை மறுக்கும் அதிகாரம் அவருக்கு வழங்கப்படவில்லை. "சரி, அவங்க பயணிதான்," என்றார். அதோடு போயிருக்கலாம். கடமை உணர்ச்சி விடவில்லை. ஆரணி டவுன் பஸ்ஸில் தலைகளை எண்ணிப் பார்த்த முதல் மனிதர் என்ற பெருமை அவரைச் சேர்ந்தது.

"ஒரு ஆள் ஜாஸ்தி. யாராவது எறங்கணும்."

"பொம்மைய மடியில வச்சிகினு நான் உக்காந்துக்கறேன் சார்," என்றாள் ஆதிலட்சுமி.

"டிக்கெட் வாங்கின பயணிய மடியில வைக்கக் கூடாது. அஞ்சு வயசுக்குள்ள இருந்தா வச்சிக்கலாம். இவங்களுக்கு எப்படியும் இருபது இருக்கும். உக்காந்திருக்கறவங்கள எழுப்ப முடியாது. கடைசியா நிக்கறது நீதான். எறங்கு."

"சார், அத எடுத்துகினு போறதே நான்தான்!"

பஸ்ஸே அவளைச் சமாதானப்படுத்தியது. "பேஜார் பண்ணாத எறங்கும்மா, நேரமாவுது. பொடவ கசங்காம நாங்க பாத்துக்கறோம்," என்றார் துரை. பொம்மையை அவள் ஏற்றியபோது கை கொடுக்க ஒருவரும் வரவில்லை. இப்போது பொம்மைக்கு எத்தனை உறவினர்கள்! களம்பூர்க் கடையின் பெயரை துரையிடம் சொல்லிவிட்டு ஆதிலட்சுமி இறங்கினாள்.

அடுத்த பஸ்ஸைப் பிடித்து அவள் களம்பூர் போனபோது விளக்கேற்றி முடிந்திருந்தது. பொம்மை வாசலில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. புடவையில் ஒரு மடிப்புக் கலையவில்லை. துரையே கடை வரைக்கும் தூக்கி வந்து கொடுத்துவிட்டுப் போனாராம்.

"நீ எங்கம்மா இருந்த?" என்றார் முருகேசன்.

"எறக்கி உட்டுட்டாங்க மொதலாளி."

"பொம்மையயா?"

"என்னைய."

வேலை போயிற்று என்று தலை குனிந்து நின்றாள். முருகேசன் கோபப்படவில்லை. அவர் வியாபாரி, விஷயத்தின் வேரைப் பிடித்துவிட்டார்.

"உம்மேல தப்பு இல்லம்மா. நீயும் பட்டு கட்டிகினு போயிருக்கணும்."

மறுநாளே கடையில் புது விதி வந்தது. வேலை செய்யும் பெண்கள் அனைவரும் பட்டு உடுத்தியே பணிக்கு வர வேண்டும். புடவை நம் கடையிலேயே கிடைக்கும், சம்பளத்தில் பிடித்துக்கொள்ளப்படும். அருள்ராஜும் சும்மா இருக்கவில்லை. அவர் அனுப்பிய அறிக்கையின் பேரில் கண்டக்டர்களுக்குச் சுற்றறிக்கை வந்தது. பட்டுப் புடவை உடுத்திய பயணிகள் உயிருள்ளவர்கள்தானா என்று உறுதி செய்துகொண்ட பிறகே பயணச்சீட்டு வழங்க வேண்டும்.

அடுத்த வாரம் களம்பூர் கிளைக்குப் போக ஆதிலட்சுமி பட்டு உடுத்தி பஸ் ஏறினாள். யாரோ எழுந்து இடம் கொடுத்தார். வாழ்க்கையில் முதல் முறையாக டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். காற்று முகத்தில் அடித்தது, சுகமாக இருந்தது. சிவகுமார் வந்தார். அவளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்றவர்களிடம் கேட்டார்:

"இந்தப் பொம்மைய ஏத்தினது யாருங்க?"

ஆதிலட்சுமி வாயைத் திறக்கவில்லை. திறந்தால் எழுந்து நிற்கச் சொல்வார்கள்.