நிழல் விழுந்த நிலம்

எந்த நாட்டு வரைபடத்திலும் இடம்பெறாத நகரம் ஒன்று இருந்தது. நெடுமாடம் என்று பெயர். உலகம் தன்னை மறந்துவிட்டதே என்ற குறை அதற்கு இல்லை. தன்னைத் தானே எண்பத்தேழு வரைபடங்களாக வரைந்து மன்றத்துச் சுவரில் மாட்டி வைத்திருந்தது.

அந்த நகரத்தில் வளர்ச்சியைக் கயிற்றால் அளந்தார்கள். ஆண்டுக்கு ஒரு நாள், பிற்பகல் நான்கு மணிக்கு, மன்றக் கோபுரத்தில் மணி அடிக்கும். அந்த நொடியில் ஒவ்வொரு கட்டடத்தின் நிழலும் எங்கே முடிகிறதோ அங்கே ஒரு முளை அடிப்பார்கள். சுவரிலிருந்து முளைவரை கயிறு பிடிப்பார்கள். போன ஆண்டைவிட நிழல் நீண்டிருந்தால் நகரம் வளர்ந்திருக்கிறது என்று பொருள். மேலே ஏறி அளக்க முன்னோர்களுக்குப் பயம். அதனால் தரையில் அளந்தார்கள். பிறகு ஏணிகள் வந்தன. வழக்கம் மாறவில்லை.

சேந்தன் மன்றத்தின் அளவையாளன். கல்லூரியில் நில அளவை படித்தவன். முப்பத்தொரு வயது. கயிற்றின் ஒரு முனையைச் சுவரில் வைத்துப் பிடிப்பவர் மருதையன், ஓய்வுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தவர். மறுமுனையை இழுத்துக்கொண்டு போய் முளை அடிப்பது சேந்தன்.

அவன் மனைவி அல்லி மூன்று ஆண்டுகளுக்கு முன் இறந்துபோனாள். நான்கு நாள் காய்ச்சல். நகரின் கிழக்கு எல்லையிலுள்ள இடுகாட்டில், மேற்கு வேலியை ஒட்டிய முதல் வரிசையில் புதைத்தார்கள். வேலை முடிந்ததும் சேந்தன் அங்கே போவான். உட்கார்ந்திருப்பான். அழுததில்லை. உயரமான கட்டடம் எதுவும் அருகில் இல்லாததால் அந்த இடத்தில் மாலையிலும் நெடுநேரம் வெயில் விழும். அல்லிக்கு எப்போதும் குளிரும். சித்திரையிலும் போர்வை கேட்பாள். இந்த இடம் அவளுக்குச் சரி என்று நினைத்துக்கொள்வான். அதற்குமேல் அவன் எதையும் நினைப்பதில்லை.

அந்த மூன்று ஆண்டுகளில் மன்றம் இரண்டு சட்டங்கள் செய்தது.

முதல் சட்டத்தின்படி ஒவ்வொரு வீடும் ஆண்டுதோறும் தன் நிழலை நீட்டியாக வேண்டும். நீட்டாத வீட்டுக்குத் தண்ணீர் நிறுத்தப்படும். மாடி கட்ட வழியில்லாதவர்கள் முன்பக்கச் சுவரை மட்டும் உயர்த்தினார்கள். பின்னால் அறையும் இல்லை, கூரையும் இல்லை. ஆடிக் காற்றில் ஒரே நாளில் பதினொரு சுவர்கள் விழுந்தன. நகரத்தின் வளர்ச்சி இருநூறு முழம் குறைந்ததாக மன்றம் வருத்தம் தெரிவித்தது. சுவருக்கு அடியில் இருந்தவர்களைப் பற்றி அறிவிப்பில் ஒன்றும் இல்லை.

இரண்டாவது சட்டம் இன்னும் சுருக்கமானது. அளவை நாளில் நிழல் எந்த நிலத்தின்மேல் விழுகிறதோ, அந்த நிலம் நிழலின் உரிமையாளருக்கே சொந்தம். நிழல் தருவது தொண்டு. தொண்டுக்குக் கைம்மாறு வேண்டும் என்று முன்னுரையில் எழுதியிருந்தார்கள். கீரைத் தோட்டம் வைத்திருந்த பொன்னுருவியின் அரைக்காணி, பக்கத்துத் தானிய வணிகரின் மதில் நிழலுக்குள் போனது. அந்த முளையை அடித்தவனும் சேந்தன்தான்.

"நல்லா ஓங்கி அடி தம்பி. பிடுங்கிக்கிட்டு வந்துரப்போவுது" என்று மட்டும் அன்று அவள் சொன்னாள்.

மூன்றாவது ஆண்டு, வளர்ச்சி மேலாண்மையையும் நிலப் பயன்பாட்டு விதிகளையும் மறுஆய்வு செய்ய மன்றம் கூடியது. கட்டடங்களை இதற்குமேல் உயர்த்தினால் விழுந்துவிடும் என்று பொறியாளர்கள் சொல்லிவிட்டார்கள். வளர்ச்சியை நிறுத்துவதும் முடியாது. மூன்று நாள் யோசித்த பிறகு, மணியை நான்குக்குப் பதில் ஐந்தரைக்கு அடிப்பது என்ற வரைவு தயாரானது.

ஐந்தரைக்கு மன்றக் கோபுரத்தின் நிழல் எதுவரை போகும் என்று கணக்கிடும் வேலை சேந்தனுக்கு வந்தது. கணக்கிட்டான். ஆயிரத்து இருநூறு முழம். வரைபடத்தில் அளவுகோலை வைத்துப் பார்த்தான். கோபுரத்திலிருந்து கிழக்கே, கடைத்தெருவைத் தாண்டி, குயவர் குடியிருப்பைத் தாண்டி, இடுகாட்டு வேலியைத் தாண்டி, முதல் வரிசையின்மேல் கோடு நின்றது. மறுபடி கணக்கிட்டான். அதே இடத்தில்தான் நின்றது.

கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. ஆளுக்கு மூன்று நிமிடம். பெருந்தலைவர் ஏகநாயகர் உயர்ந்த நாற்காலியில் அமர்ந்திருந்தார். நாற்காலியின் நிழலும் அளக்கப்படும் என்பதால் அதற்கு ஏழு படிகள்.

பொன்னுருவி எழுந்தாள். "ஐயா, கீரைக்கு வெயில் வேணும். வெயிலே படாத எடத்துல நான் என்னத்தப் போட? நெழல்ல காளான்தான் மொளைக்கும்."

"ஆக்கபூர்வமான யோசனை" என்றார் பெருந்தலைவர். எழுத்தரைப் பார்த்தார். "மக்கள் காளான் சாகுபடியை வரவேற்கின்றனர். எழுதிக்கொள்ளும்."

"அடப் பாவி!"

"பெருமகிழ்ச்சியுடன் வரவேற்கின்றனர்."

அடுத்தது சேந்தன். அவன் தாள் எதுவும் கொண்டுவரவில்லை.

"ஐந்தரைக்கு மாத்தினா இடுகாடும் கோபுரத்து நிழல் கணக்குல போயிடும். என் மனைவி அங்கதான் இருக்கா. அந்த ஒரு வரிசையை மட்டும் விட்டுடுங்க."

"குடியிருப்பவரா?"

"புதைச்சிருக்கு."

"அவர் நேரில் ஆட்சேபணை தெரிவித்தாரா?"

மூன்று நிமிடத்தில் முக்கால் நிமிடம்தான் ஆகியிருந்தது.

"ஆட்சேபணை இல்லை" என்று எழுத்தர் எழுதினார்.

வரைவு ஒருமனதாக நிறைவேறியது. ஆயிரத்து இருநூறு முழம் என்ற எண்ணைக் கருங்கல்லில் செதுக்கி, பூமாலை போட்டு, அளவை நாளுக்கு முன்பே கோபுர வாசலில் நட்டுவிட்டார்கள்.

அளவை நாளன்று மணி ஐந்தரைக்கு அடித்தது. மருதையன் கோபுரச் சுவரில் கயிற்றைப் பிடித்து நிற்க, சேந்தன் முனையை இழுத்துக்கொண்டு கிழக்கே போனான். நிழல் அவனுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. அல்லியைப் புதைத்த மேட்டில் பாதியை மூடியிருந்தது. மண்ணைத் தொட்டுப் பார்த்தான். வெயில் பட்ட பக்கம் இன்னும் சூடாக இருந்தது. மற்றப் பக்கம் ஆறியிருந்தது.

அவன் நான்கு முழம் பின்னால் வந்தான். வேலிக்கு வெளியே முளையை அடித்தான்.

மருதையன் கயிற்றைச் சுற்றிக்கொண்டே வந்து சேர்ந்தார். முளையைப் பார்த்தார். நிழலைப் பார்த்தார். முப்பத்தாறு ஆண்டுகள் அளந்த கண்.

"எத்தினி எழுதட்டும்?"

"ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றாறு."

"கல்லுல வேற மாதிரி வெட்டியிருக்கே, தம்பி."

"தெரியும்."

மருதையன் மூக்கைச் சிந்தினார். எழுதினார். "எம் பொஞ்சாதி உசுரோட இருக்கா. அவளுக்காவ நான் ஒரு முழம்கூட நவுத்தினதில்ல" என்றார்.

மறுநாள் மன்றம் அவசரமாகக் கூடியது. அளந்த எண்ணும் கல்லில் இருந்த எண்ணும் பொருந்தவில்லை. மறுபடி அளக்கலாமா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். அவரை உட்காரச் சொன்னார்கள்.

"கல்வெட்டு தவறாக இருக்க இயலாது. அளவையாளர்கள் நம் ஊழியர்கள். அவர்களும் தவறு செய்ய இயலாது. ஆக, தவறு நேரத்தில்தான் இருக்கிறது" என்றார் பெருந்தலைவர். "நகரம் இன்னும் வளர ஆசைப்படும்போதே நாம் மணியை அடித்துவிட்டோம். இனி வளர்ச்சி தானாக முடியும்வரை காத்திருப்போம். சூரியன் மறைந்ததும் அடியுங்கள்."

அன்று மாலை சூரியன் மறைந்ததும் மணி அடித்தார்கள். நிழல் எங்கே முடிகிறது என்று தேடியவர்களுக்கு முடிவு அகப்படவில்லை. முளை அடிக்க இடம் இல்லை. நகரம் முழுவதும் நிழல். நகரத்திலேயே உயர்ந்தது மன்றக் கோபுரம் என்பதால், பிரிக்க முடியாத அந்த நிழலும் கோபுரத்தினுடையதே என்று சட்ட அலுவலர் விளக்கினார். நெடுமாடம் நூறு விழுக்காடு வளர்ந்துவிட்டதாக அறிவித்தார்கள். வாணவேடிக்கை நடந்தது. மக்கள் கைதட்டினார்கள். தட்டிய கைகள் நிற்பதற்குள் அறிவிப்பின் இரண்டாம் பக்கத்தை வாசித்தார்கள்.

இனி எல்லா நிலமும் மன்றத்தின் நிலம். அதன் மேலே இருப்போர் எல்லாரும் ஆக்கிரமிப்பாளர்கள். ஏழு நாளில் காலி செய்ய வேண்டும்.

நோட்டீஸ் ஒட்டுகிற வேலையும் அளவையாளர்களுக்கே வந்தது. இடுகாட்டுப் பக்கத்தை மருதையன் கேட்டு வாங்கிக்கொண்டார். சேந்தன் அங்கே போனபோது அவர் மேட்டருகே தாளோடு நின்றிருந்தார். ஆக்கிரமிப்பாளர் பெயர்: அல்லி. நிலத்துக்கு மேலே மட்டுமல்ல, கீழே இருப்பவருக்கும் இது பொருந்தும் என்று அடியில் எழுதியிருந்தது.

"நாலு முழம்" என்றான் சேந்தன். "நான் தள்ளி அடிக்காம இருந்திருந்தா?"

"அடிக்காம இருந்திருந்தா வேற ஏதாவது சொல்லியிருப்பானுங்க. ஒன்னால ஒண்ணும் ஆவல."

அது உண்மையா என்று சேந்தனுக்குத் தெரியவில்லை. ஊரில் மூவாயிரம் வீடு. ஒரு மேட்டுக்கு மூவாயிரம் வீடு என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு அதையும் நினைக்கவில்லை.

ஏழாம் நாள் மண்வெட்டியோடு போனான். மருதையன் ஒரு பானை வாங்கி வந்திருந்தார். கிடைத்ததை எல்லாம் எடுத்துத் துடைத்துப் பானையில் வைத்தான். அவள் கையில் போட்டிருந்த கண்ணாடி வளையல் ஒன்று உடையாமல் வந்தது. அதன் பச்சை அப்படியே இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு குழிக்குள் உட்கார்ந்துவிட்டான். மருதையன் மேலே நின்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நெடுமாடத்தின் மக்கள் எல்லாரும் கிழக்கு வாசல் வழியாக வெளியேறினார்கள். கட்டில், உரல், கதவு நிலை, ஆடு எல்லாவற்றையும் கொண்டுபோனார்கள். நூறு விழுக்காடு வளர்ந்த நகரத்தில் மன்றம் மட்டும் இருந்தது. இரண்டு நாள் நடந்து, மரமோ பாறையோ இல்லாத ஒரு சமவெளியை அடைந்தார்கள். தலைக்கு மேலே வெயில் மட்டும். பிள்ளைகள் ஓடினார்கள். பெண்கள் சிரித்தது அந்த ஆண்டில் அதுதான் முதல் தடவை.

சேந்தன் சுற்றிலும் பார்த்தான். பானையை எங்கே வைத்தாலும் வெயில் படும். ஒரு சிறு மேடாகப் பார்த்து நடந்தான்.

"தம்பி, தம்பி! நில்லு." பொன்னுருவி ஓடிவந்தாள். பின்னால் பத்துப் பதினைந்து பேர். அவள் முகம் மலர்ந்திருந்தது. "நேத்து ராவே எல்லாரும் பேசி என்னைத் தலைவியாப் போட்டுட்டாங்க. ஆளாளுக்குக் கண்ட எடத்துல கூடாரம் போட்டா நாளைக்குச் சண்டை வரும் பாரு. அதான், ஒரு கம்பு நட்டிருக்கோம். நீதான் அளக்கத் தெரிஞ்சவன்."

"எத அளக்கணும்?"

"கம்போட நெழலைத்தான். வேற எப்பிடி அளக்க? அவனுங்க மாதிரி இல்ல, நாம நியாயமா அளப்போம். நாலு மணிக்கே அளந்துருவோம்."

மருதையன் எங்கோ தொலைவில் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மொதல்ல இவளை வச்சுட்டு வந்துடறேன்க்கா" என்றான் சேந்தன்.

"ஐயோ, வைக்காம இருப்போமா? அல்லி நம்ம பொண்ணுல்ல." பொன்னுருவி அவன் தோளைத் தொட்டாள். அவள் கண்ணில் உண்மையாகவே நீர் இருந்தது. "ஆனா எந்த எடம் யாருக்குன்னு இன்னும் முடிவாவல. இப்ப ஒனக்கு வுட்டா எல்லாரும் கேப்பாங்க. மொதல்ல அளந்துருவோம். அப்பறம் ஒரு மனு எழுதிக் குடு, கூட்டத்துல வச்சுப் பேசலாம்."

யாரோ கயிற்றின் முனையை அவனிடம் நீட்டினார்கள்.

பானையை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். அதைக் கீழே வைத்தால்தான் கயிற்றை வாங்க முடியும். கீழே வைக்க இடம் இன்னும் ஒதுக்கப்படவில்லை.