ஒடஞ்ச வாஷரும் கோபால் சாரும்

ஓசூர் தொழிற்பேட்டையிலேயே மே மாத வெயிலில் மங்கி குல்லா போட்டுக்கொண்டு வேலை பார்த்த ஒரே மனிதர் எங்கள் கோபால் சார்தான். இல்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கே வருவேன்.

காரணம், எங்கள் கம்பெனியில் ஏசி இருந்தது ஒரே ஓர் அறையில். அங்கே பீரோ உயரத்துக்கு ஒரு கம்ப்யூட்டர், அதன் எதிரே ஸ்வெட்டர், சாக்ஸ், குல்லாவோடு கோபால் சார். "ஏன் சார் இந்த வேஷம்?" என்று கேட்டேன். "மெஷினுக்குக் குளிர் வேணும், எனக்கு வேணாம். ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருக்கணும்னா யாராவது ஒருத்தர் குல்லா போட்டுத்தானே ஆகணும்?" என்றார்.

அவர் பெயர் கோபாலே இல்லை. வேலைக்குச் சேர வந்த அன்று கேட்டில் வாட்ச்மேன், "யாருங்க நீங்க?" என்று கேட்டிருக்கிறார். இவர், "கோபால் புரோகிராமர்" என்றாராம். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களுக்குப் புரோகிராம் எழுதும் மொழிக்குக் கோபால் என்று பெயர். இங்கிலீஷில் எழுதினால் மொழி COBOL, ஆள் பெயர் Gopal; தமிழில் எழுதினால் ரெண்டும் ஒன்றுதான். வாட்ச்மேன் நோட்டில் தமிழில் எழுதினார். அதைப் பார்த்து டைம் ஆபீஸில் இங்கிலீஷில் கார்டு அடித்தார்கள். முடிந்தது கதை. ஒரு முறை அவர் மனைவி போன் செய்து சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்க, நானே, "அப்படி யாரும் இங்க இல்லீங்கம்மா" என்று வைத்துவிட்டேன். அடுத்த நிமிடம் மறுபடி மணி அடித்தது. "சரிங்க, கோபால் சார் இருக்காருங்களா?" என்றது அதே குரல்.

மெஷினோடு அவர் பேசுவார். கொஞ்சுவது கன்னடத்தில்: "பா மகனே, பா." திட்டுவது தெலுங்கில்: "ஏமிரா, ஏமி ரோகம் நீக்கு?" தமிழில் திட்டினால் வெளியே இருப்பவர்களுக்குப் புரிந்துவிடுமாம். ஓசூரில் தெலுங்கு புரியாதவன் யார் என்று அவரிடம் சொல்ல எங்களுக்கு மனசு வரவில்லை.

நான் அப்போது ஸ்டோர்ஸில் குமாஸ்தா. ஆயிரக்கணக்கான சாமான்கள். எது எந்த ரேக்கில் எத்தனை இருக்கிறது என்று அந்த மெஷினுக்குத்தான் தெரியும். சீட்டில் சாமான் பெயரை எழுதி, ஏசி அறையின் சின்ன ஜன்னலில் நீட்ட வேண்டும். ரேஷன் கடை மாதிரிதான். அவர் தட்டிப் பார்த்து, காகிதத்தில் அடித்துக் கொடுப்பார். ஜன்னல் திறக்கும்போது ஜில்லென்று ஒரு காற்று முகத்தில் அடிக்கும். அதற்காகவே வேண்டாத சாமானுக்கெல்லாம் சீட்டு எழுதிய ஆட்கள் உண்டு.

ஒன்று சொல்ல வேண்டும். புரோகிராம் எழுதுவதற்கு முன்னால் அந்த மனிதர் ஒரு மாதம் ஸ்டோர்ஸில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு சாமானாகத் தூக்கிக் காட்டி, "இதுக்கு உங்க வாயில என்ன பேரு?" என்று கேட்டு எழுதிக்கொண்டாராம். ஸ்பிரிங் வாஷர் என்று ஒன்று இருக்கிறது. வளையத்தில் ஒரு இடத்தில் வெட்டு விட்டிருக்கும். போச்சம்பள்ளிப் பக்கத்துத் தமிழ்க்காரன் அதை ஒடஞ்ச வாஷர் என்பான், கன்னடக்காரன் ஒடெத வாஷர், தெலுங்குக்காரன் பகிலின வாஷர். மூன்றையும் மெஷினில் ஏற்றியிருந்தார். எதைக் கேட்டாலும் பதில் வரும். லேசில் உள்ளே போகாமல், போனால் லேசில் வெளியே வராமல் உயிரை வாங்கும், துளைக்குள் அடித்து ஏற்றும் ஒரு இரும்புப் புஷ்ஷுக்கு ஸ்டோர்ஸில் வைத்த பெயர் மாமியார். அதுவும் அப்படியே ஏறியிருந்தது.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் இன்டர்நெட் வந்தது. பம்பாய் ஹெட் ஆபீஸில் உட்கார்ந்தபடியே எங்கள் ஸ்டாக்கைப் பார்க்க வேண்டும் என்று உத்தரவு. பெங்களூரிலிருந்து சைத்ரா என்று ஒரு இன்ஜினியர் பெண் வந்து, மெஷினில் இருந்ததையெல்லாம் ஒரு வெப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டாள். பம்பாய் டைரக்டர் நேரில் வந்து பார்த்தார். முதல் வரியிலேயே நின்றுவிட்டார். ஒடஞ்ச என்றால் என்ன என்று கேட்டார். எங்கள் மேனேஜர் உண்மையே பேசிப் பழகியவர். "புரோக்கன், சார்."

"நாற்பதாயிரம் உடைந்த வாஷரை ஏன் வைத்திருக்கிறீர்கள்?"

மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் டைரக்டரின் கண் அடுத்த வரிக்குப் போய்விட்டது. "மாமியார்?"

"மதர் இன் லா, சார்."

"எத்தனை?"

"இருபத்தி நாலு, சார். ரெண்டு துருப்பிடிச்சிருக்கு."

நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றோம். டைரக்டர் சிரிக்கவில்லை. பெயரையெல்லாம் ஒழுங்கான இங்கிலீஷில் மாற்றுங்கள், அந்தப் பழைய மெஷினையும் அதை ஓட்டுகிறவரையும் மாதக் கடைசியோடு அனுப்பிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கோபால் சார் அதே அறையில்தான் நின்றிருந்தார். ரிட்டயராக இன்னும் இரண்டு வருஷம் இருந்தது அவருக்கு. குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு போனார்.

சைத்ரா பெயர்களை மாற்றினாள். ஸ்டோர்ஸில் புதுக் கம்ப்யூட்டர் வைத்தார்கள். முதல் நாளே அசெம்பிளி லைனில் ஸ்பிரிங் வாஷர் கேட்டார்கள். எங்கள் ஸ்டோர்கீப்பர் முனியப்பண்ணன் ஒற்றை விரலால் ஒடஞ்ச என்று தட்டினார். அப்படி ஒன்று கிடையாது என்றது. ஒடெத. கிடையாது. பகிலின. அதுவும் கிடையாது.

"ஸ்பிரிங் வாஷர்னு போடுங்கண்ணா" என்றாள் சைத்ரா.

"ஸ்பிரிங்கு வேற, வாஷரு வேறம்மா. எது வேணும்னு சரியாச் சொல்லு."

அதற்குள் பின்னால் எட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர் வாயில் இருந்த பெயரும் அதில் இல்லை. டீ நேரத்துக்குள் அசெம்பிளி லைன் நின்றே போய்விட்டது. அத்தனை பேரும் சீட்டு எழுதிக்கொண்டு பழைய ஜன்னலுக்கு ஓடினோம். வேலையை விட்டுப் போகச் சொல்லிவிட்ட பிறகு அந்த மனிதர் எதற்காகத் திறக்க வேண்டும்?

ஜன்னல் திறந்தது. ஜில்லென்று காற்று. "வரிசையா வாங்கப்பா. ஒருத்தர் மேல ஒருத்தர் ஏறாதீங்க."

வரிசையின் கடைசியில் சைத்ரா நின்றாள், கையில் சீட்டோடு. கோபால் சார் வாங்கிப் படித்தார். சாமான்: கோபால் சார். எண்ணிக்கை: ஒன்று.

"ஸ்டாக் ஒண்ணுதாம்மா இருக்குது" என்றார். "மாசக் கடைசியில அதுவும் இல்ல."

"அய்யோ, அப்படிச் சொல்லாதீங்க சார். தப்பு என்னுதுதான். உங்க மெஷினைத் தூக்க வேணாம். வெப் பக்கத்துல யார் எதைத் தட்டினாலும், அது உங்க மெஷினுக்குச் சீட்டு மாதிரி வரட்டும். பதிலை உங்க புரோகிராமே சொல்லட்டும். பம்பாய்க்காரங்களுக்கு மட்டும் பக்கத்துல இங்கிலீஷ் பேரைக் காட்டிடறேன்."

"என் புரோகிராம்ல ஒரு எழுத்துகூட மாத்தக்கூடாது."

"மாத்தல்லா சார். உங்க ஜன்னலைக் கொஞ்சம் பெருசு பண்றேன், அஷ்டே, அவ்வளவுதான்."

மூன்று வாரம் இருவரும் ஏசி அறையில் உட்கார்ந்தார்கள். இரண்டாம் நாளே அந்தப் பெண்ணும் குல்லாவோடுதான் வந்தாள். பம்பாயில் டைரக்டர் பார்த்தார். ஸ்பிரிங் வாஷர் என்று அழகாகத் தெரிந்தது. இங்கே முனியப்பண்ணன் ஒடஞ்ச என்று தட்டினார், ரேக் நம்பரோடு வந்தது. மெஷின் இருந்தாக வேண்டும், மெஷின் இருந்தால் அதை ஓட்டுகிறவரும் இருந்தாக வேண்டும் என்று மேனேஜர் எழுதினார். பம்பாயிலிருந்து சரி என்று பதில் வந்தது. முனியப்பண்ணன் கேன்டீனில் எல்லாருக்கும் கேசரி வாங்கிக் கொடுத்தார்.

வெப் பக்கத்தில் சாமான் பெயரைத் தட்டிய பிறகு அமுக்க ஒரு பட்டன் வேண்டும். அதில் என்ன எழுதுவது என்று சைத்ரா கேட்டாள். "நாங்க எப்பவும் கோபாலக் கேளுன்னுதான் சொல்லுவோம்" என்றார் முனியப்பண்ணன். அவளும் கோபால் என்றே எழுதிவிட்டாள்.

அன்று சாயங்காலம் கோபால் சார் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "எல்லாம் அங்கியே தெரிஞ்சிடுது. இனிமே ஜன்னலுக்கு யாரும் வர மாட்டாங்க இல்ல?"

மறுநாள் முனியப்பண்ணன் பட்டனை அமுக்கினார், பதிலைப் பார்த்தார், அப்புறம் ஒரு சீட்டை எடுத்து அதே வாஷரை எழுதிக்கொண்டு கிளம்பினார். "அதான் வந்துடுச்சேண்ணா, எங்க போறீங்க?" என்றேன். "சரியாச் சொல்லுதான்னு சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன்" என்றார்.

அவர் பின்னால் இன்னும் நாலு பேர் போனார்கள். நானும் ஒரு சீட்டு எழுதிக்கொண்டு வரிசையில் நின்றேன். யாரோ ஏன் என்று கேட்டதற்கு, சும்மா ஏசி காற்று வாங்கத்தான் என்றேன். அது மார்கழி மாதம். ஓசூரில் நாங்கள் எல்லாருமே குல்லா போட்டிருந்தோம்.