செர்ரி மரத்துக்குச் சர்க்கரைப் பாகு

ஓஸ்முண்ட் ஏணி உச்சியில் நின்று, இலை ஊதும் இயந்திரத்தால் செர்ரிப் பழங்களுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். மழை இப்போதுதான் விட்டிருந்தது. கீழே குடையோடு அவன் அக்கா போர்கில்ட்.

"மெதுவாடா! தண்ணியத்தான் ஊதச் சொன்னேன், பழத்த இல்ல."

"வெட்டப்போற மரத்துக்கு எதுக்குக்கா இவ்ளோ உபசாரம்?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் இது என் மரம். ஊது!"

ஃபியோர்டு எனப்படும், மலைகளுக்கு நடுவே நீளும் கடற்கழியின் ஓரத்து வீடு இருவருக்கும் பொது. மரத்தை எடுத்துவிட்டுச் சுற்றுலா வண்டிகள் நிறுத்த இடம் கட்ட வேண்டும் என்பது அவன் ஆசை. வெள்ளிக்கிழமை மண் தோண்டும் வண்டி வருகிறது. அதுவரை ஒரு பழமாவது வெடிக்காமல் நல்லபடியாக இருந்தால் மரம் பிழைக்கும், இல்லாவிட்டால் வெட்டலாம். ஆனால் அதுவரை அவள் சொல்லும் வேலையை அவன் செய்ய வேண்டும். அதுதான் பேச்சு.

ஊரில் மற்ற செர்ரி மரங்களுக்கெல்லாம் மழை படாமல் பிளாஸ்டிக் கூரை உண்டு. இதன் உயரத்துக்கு எந்தக் கூரையும் எட்டாது.

இயந்திரம் ஊதியதில் தண்ணீர் போனது. பாதிப் பழமும் போனது. மிச்சத்தில் பல, பட்டென்று வாய் பிளந்தன.

"தோத்துட்டக்கா."

"யாரு சொன்னா? பழத்துக்குள்ள கெட்டியான இனிப்பு. வெளிய மழை, வெறும் தண்ணி. தண்ணி எப்பவும் கெட்டியான பக்கம் தோல் வழியா ஊறிப் போகும். உள்ள இடம் இல்லாம பழம் வெடிக்குது. வெளியவும் இனிப்பைப் பூசிட்டா? தண்ணி எதுக்கு உள்ள போகும்?"

"மரத்துக்குச் சர்க்கரைத் தண்ணியா? ஊரே சிரிக்கும்!"

"சிரிக்கட்டும். ஏறு!"

மருந்தடிக்கும் டப்பாவில் பாகை நிரப்பி அடித்தான். அடுத்த தூறலில் அது கரைந்தோட, இன்னும் கொஞ்சம் பழம் வெடித்தது.

"நீர்த்துப் போச்சு. கெட்டியாக் காய்ச்சுறேன்" என்றாள்.

கெட்டிப் பாகு பூசியதும் வெயில் வந்தது. இம்முறை பழங்களுக்குள் இருந்த தண்ணீர் வெளியே வந்துவிட்டது. கிழவன் கன்னம்போல் சுருங்கித் தொங்கின.

"அக்கா, போன தடவை வெடிச்சுது, இந்தத் தடவை வத்திப்போச்சு! விட்டுரு."

"விடவே மாட்டேன். அடிமரத்துலயும் பூசு."

"அங்க பழமே இல்லையே!"

"பட்டை வழியாத் தண்ணி போகாதா? வாயாடாம பூசுடா!"

பூசினான். தலைமுடியிலிருந்து காலணி வரை பிசுபிசுத்தான், பாவம். காபிக்கு உட்கார்ந்தால் நாற்காலியும் கூடவே எழுந்து வந்தது. முதல் குளவி அவன் காதில்தான் வந்து உட்கார்ந்தது.

வெள்ளிக்கிழமை. மரத்தில் நல்ல பழம் ஒன்றுகூட இல்லை.

"சரி, வெட்டிக்கோ" என்றாள் போர்கில்ட், ஜன்னலை இறுக்கச் சாத்திக்கொண்டே.

இவ்வளவு சுலபமாகவா! மோட்டார் ரம்பத்தை முடுக்கி மரத்தை நெருங்கினான் ஓஸ்முண்ட். அடிமரம் அசைந்தது. உற்றுப் பார்த்தான். அடிமரம் தெரியவே இல்லை. வேரிலிருந்து உச்சிவரை குளவி. ரம்பத்தின் சத்தம் அவற்றுக்குப் பிடிக்கவில்லை.

ரம்பத்தைப் போட்டுவிட்டு ஓடியவன், நேராக ஃபியோர்டில் குதித்தான்.

வண்டி ஓட்டி வந்தவர் கதவைக்கூடத் திறக்கவில்லை. "இதுக்கு நான் ஆள் இல்லப்பா! அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று கத்திவிட்டு, வண்டியைத் திருப்பாமலே பின்னோக்கி ஓட்டிக்கொண்டு வந்த வழியே போய்விட்டார்.

வீங்கிய முகத்தோடு ஓஸ்முண்ட் கடைக்குப் போய்க் களிம்பு கேட்டான். கடைக்காரி சூல்வைக் பதறினாள்.

"என்னங்க ஆச்சு?"

"எல்லாம் எங்கக்காவோட கிறுக்குத்தனம். பழம் வெடிக்காம இருக்கச் சர்க்கரைப் பாகாம்! ஒரு பழமாவது தப்பிச்சுதா?"

களிம்பை எடுத்த கை நின்றது.

"பழத்துக்கா? என்கிட்ட, 'குளவி மொய்ச்சா நகரவே கூடாது, எந்தச் சர்க்கரை தோது'ன்னு கேட்டுல்ல வாங்கிட்டுப் போனாங்க!"