சார்ட் சாரின் இருநூறு கிலோ

சார்ட் சாருக்கு உலகத்தில் இரண்டே சொத்து. ஒன்று, எந்தக் கணக்கையும் கோடாக இழுத்துக் காட்டும் வித்தை. இன்னொன்று, டிவிக்கு எதிரே கிடக்கும் சாய்வு நாற்காலி. முதலாவதால் ஆபீஸில் அந்தப் பெயர் கிடைத்தது. இரண்டாவதால் தொப்பை கிடைத்தது.

விற்பனை ஒரு சிட்டிகை ஏறினாலும் போதும், மேனேஜர் முன்னால் அது வானத்துக்குத் தாவும். ஒரு மூட்டை இறங்கினாலும் தரையில் படுத்த பாய் மாதிரி அசையாமல் கிடக்கும். சூட்சுமம் எல்லாம் ஓரத்தில் எழுதும் எண்களில் இருக்கிறது. எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று தெரிந்தவனுக்குக் கடுகும் மலைதான்.

இப்பேர்ப்பட்டவரிடம் டாக்டர் சொன்னார்: மூன்று மாதத்தில் ஐந்து கிலோ குறைய வேண்டும், இல்லாவிட்டால் ஆயுசுக்கும் மாத்திரை. வீட்டுக்கு வந்ததும் மனைவி இன்னொரு நிபந்தனை சேர்த்தாள். தெருவுக்கே துணி தைப்பவள் அவள். ஆளைப் பார்த்தாலே இடுப்பளவு சொல்லிவிடுவாள்.

"என்னங்க, அஞ்சு கிலோ குறைஞ்சா இந்த நாற்காலி வீட்டை விட்டுப் போகாது. குறையலைன்னா என் தம்பி வந்து தூக்கிட்டுப் போயிடுவான்."

"உன் தம்பிக்கு எதுக்கு நாற்காலி? அவன் உக்காந்து நான் பார்த்ததே இல்லையே. எப்பவும் படுத்துக்கிட்டுல்ல இருப்பான்!"

"ஒரு மாறுதலுக்குக் கேக்கறான்."

மாத்திரையைக்கூட விழுங்கிவிடலாம். மச்சான் அந்த நாற்காலியில் சாய்வதை சார்ட் சாரால் விழுங்க முடியவில்லை. அன்றே உறுதி எடுத்தார்.

முதல் வாரம் எண்பத்துநாலு கிலோ அறுநூறு, எண்பத்துநாலு நானூறு ஆனது. குறைந்தது இருநூறு கிராம். தாளின் அடியில் எண்பத்துநாலு, உச்சியில் எண்பத்தைந்து என்று போட்டு இழுத்தார் கோட்டை. மாடிப்படியில் உருண்ட குடம் மாதிரி அது இறங்கியது.

"அடேயப்பா! ஒரே வாரத்துல இவ்வளவா? எத்தனை கிலோங்க?"

"கிலோவைப் பார்க்காதே. போக்கைப் பாரு."

அவள் அதைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். அந்தச் சந்தோஷத்தில் சார்ட் சார் தினமும் ஆபீஸ் கேண்டீனில் இரண்டு கிரீம் பன் சாப்பிட்டார். இரண்டாம் வாரம் எடை மெஷின் எண்பத்துநாலு தொள்ளாயிரம் என்றது. அதே தாளில் புள்ளி வைத்தால் கோடு கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும்! ஆகவே புதுத் தாள் எடுத்தார். அடியில் பூஜ்யம், உச்சியில் இருநூறு. கோடு பரம சாந்தமாகப் படுத்துக்கொண்டது. முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் போயாயிற்று.

மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"போன வாரம் மலையா இருந்துச்சு. இந்த வாரம் மைதானமாயிடுச்சே?"

"அது கிட்டப் பார்வை. இது தொலைநோக்கு."

"இருநூறு வரைக்கும் போட்டிருக்கீங்க. அவ்வளவு தூரம் போறதா உத்தேசமா?"

"சேச்சே! ஒரு பாதுகாப்புக்குத்தான்."

"ஓ" என்றாள் அவள். கல்யாணம் ஆனவர்களுக்குத் தெரியும், மனைவி ஒரே எழுத்தோடு நிறுத்திக்கொண்டால் மீதி இருநூற்று நாற்பத்தாறும் அவள் கையில் தயாராக இருக்கிறது என்று.

திங்கட்கிழமை பேண்ட் இறுக்கியது. அடுத்த திங்கள் இன்னும் இறுக்கியது. பெல்ட் போடும் வழக்கம் அவருக்கு இல்லை. அந்த வேலையைத் தொப்பையே பார்த்துக்கொண்டிருந்தது. நான்காவது திங்கள் மூச்சை உள்ளே இழுத்தால்தான் கொக்கி மாட்டியது.

சார்ட் சார் நடுங்கிப் போனார். கிரீம் பன்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். லிஃப்டை விட்டார். ஆபீஸுக்கு நடந்து போய், நடந்து வந்து, சாயங்காலம் மறுபடியும் நடந்தார். மெஷின் எண்பத்திரண்டு என்றது. பிறகு எண்பத்தொன்று என்றது. ஆனால் பேண்ட் ஒத்துக்கொள்ளவில்லை. பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த இருநூறு கிலோ கோடும் அசைந்த மாதிரி தெரியவில்லை. ஒரு பக்கம் இரண்டு சாட்சி, மறுபக்கம் ஒற்றை மெஷின். மெஷின்தான் பொய் சொல்கிறது என்று தீர்ப்பெழுதி இன்னும் வேகமாக நடந்தார். அவர் போட்ட கோட்டை அவரே நம்பியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

மூன்றாம் மாதக் கடைசியில், ஒரு சனிக்கிழமை, டாக்டரின் மெஷினில் ஏறினார். எழுபத்தொன்பது நானூறு!

"பிரமாதம்! மாத்திரையே வேண்டாம்" என்றார் டாக்டர்.

"இருங்க டாக்டர். எடை குறையுது, இடுப்பு பெருக்குது. இது என்ன வியாதி?" சார்ட் சார் அழாக்குறையாகக் கேட்டார்.

டாக்டர் திகைத்துப் போய், கூட வந்திருந்த மனைவியைப் பார்த்தார். அவள் கைப்பையிலிருந்து டேப்பை எடுத்துக் கணவர் இடுப்பில் சுற்றினாள்.

"ரெண்டு இஞ்சு குறைஞ்சிருக்கு டாக்டர். வியாதி பேண்டுக்குத்தான். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கால் இஞ்சு பிடிச்சுத் தைச்சேன்." பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "நீங்க தாள்ல அளவை மாத்தினீங்க. நான் துணியில மாத்தினேன்."

சார்ட் சாருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இருபது வருஷமாகக் கோடு போட்டு அவர் ஒரு மேனேஜரைத் தலையாட்ட வைத்ததோடு சரி. இவள் ஓர் ஊசியையும் நூலையும் வைத்துக்கொண்டு எண்பத்தைந்து கிலோவைத் தெருத் தெருவாக நடக்க விட்டிருக்கிறாள்! அசந்தே போனார்.

"நீ மட்டும் எங்க ஆபீஸுக்கு வந்தா என் வேலை போயிடும்மா" என்று வழியெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவி, லுங்கிக்கு மாறி, ஜெயித்த நாற்காலியை நோக்கிப் போனார். அதில் அவள் சாய்ந்து உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். கைப்பிடியில் கத்தரியும் நூல் டப்பாவும் வெகுநாள் குடியிருந்தவை போல இருந்தன.

"எந்திரிம்மா. நான்தான் ஜெயிச்சுட்டேனே?"

"வீட்டை விட்டுப் போகாதுன்னுதானே சொன்னேன்? போகலையே. ரெண்டு மாசமா நீங்க நடக்கப் போன நேரமெல்லாம் இதுலதான் உக்காந்து தைக்கறேன். முதுகு வலியே போயிடுச்சுங்க."

சார்ட் சார் வாயைத் திறந்தார். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை" என்றாள்.

சார்ட் சார் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கப் போனார்.